பொளியும் கழுந்தும்

மரத்தை மரத்தோடு சேர்க்கும் வழிகள் இரண்டு. ஆணி அறைந்து சேர்ப்பது ஒன்று. ஒரு மரத்தின் உடலிலேயே மற்றொன்றுக்கு இடம் செய்து சேர்ப்பது மற்றொன்று. முன்னையது வன்மையினால் ஆவது. பின்னையது இசைவினால் ஆவது. பின்னைய முறையில், ஒரு மரத்திற் குடையப்படும் குழியைப் ‘பொளி’ என்றும், அதனுட் புகுமாறு மற்றை மரத்திற் செதுக்கப்படும் நுனியைக் ‘கழுந்து’ என்றும் கூறுவர். புணர்ச்சி என்றதும் நிலைமொழியையும் வருமொழியையும் எண்ணும் தமிழ் மாணவர்க்கு இவ்விணைவு புதிதாகத் தோன்றாது. ஒன்று இடங்கொடுக்க, மற்றது உருமாறி அமைய, இரண்டும் ஒன்றாவதே இரண்டிடத்தும் நிகழ்வது.

இக்கலையை நான் எந்த வகுப்பறையிலும் பயின்றேனல்லேன். என் தாய்வழிப் பாட்டனார் திருகோணமலைக் கடற்படைத் துறைமுகத்திலே தச்சராகப் பணியாற்றியவர். 1942 ஆம் ஆண்டு ஏப்ரல் 9 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தின்மீது குண்டு வீசியதையும், பிரித்தானியர் 1957 ஆம் ஆண்டு தளத்தை இலங்கை அரசிடம் கையளித்து நீங்கியதையும் கண்டவர். அவருடைய கருவிப் பெட்டியில் இரு மரபுகள் பகைமையின்றி அருகருகே கிடந்தன. செபீல்ட் நகர முத்திரை பொறித்த உளிகளும் இரும்புச் சீவுளியும் ஒரு பக்கம். ஓடாவிமார் கையாளும் வாய்ச்சியும், கயிறு சுற்றி இழுத்துச் சுழற்றும் துறப்பணமும் மறுபக்கம். ஓடாவி என்னுஞ் சொல் மரக்கலம் செய்வோனைக் குறிப்பது. எங்கள் பகுதியில் வீட்டு மரவேலை செய்வோர்க்கும் அதுவே பெயராயிற்று. கடலுக்குக் கலஞ்செய்த கையே கரையில் வீட்டுக்குக் கதவும் செய்தது என்பதற்கு அச்சொல்லே சான்றாகும்.

துறைமுக நகரில் மரவேலை செய்வோன் முதலில் அறிய வேண்டியது காற்றை. மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் வீசும். அது நிலத்தைக் கடந்து வரும் வறண்ட காற்று. மரத்தின் ஈரத்தை உறிஞ்சிவிடும். ஐப்பசிக்குப் பின் வாடையோடு மழை வரும். உலர்ந்த மரம் மீண்டும் ஈரம் ஏற்றுப் பருக்கும். மரம் நீளப்போக்கில் ஏறக்குறைய மாறுவதில்லை. அகலப்போக்கிலேயே சுருங்கி விரியும். ஓரடி அகலமான பலகை இவ்விரு காலங்களுக்கிடையில் ஒரு நூல், அதாவது அங்குலத்தின் எட்டிலொரு பங்கு, அசைதல் இயல்பு. ‘தம்பி, மரம் செத்தாலும் மூச்சு விடும், அதுக்கு இடம் விட வேணும்’ என்பார் பாட்டனார். அகன்ற பலகையை நாற்புறமும் ஆணியால் இறுக்கினால் அது கச்சானிற் பிளக்கும், வாடையிற் புடைக்கும். கதவின் சட்டத்திலே தவாளிப்பு வெட்டி, பலகையைப் பசையின்றி அதனுள் நழுவவிட்டால், இரு காலத்திலும் கதவு கதவாகவே நிற்கும். இதன்மேலும், உப்புக் காற்று இரும்பாணியைத் துருவாக்கும். துரு தன்னைச் சூழ்ந்த மரத்தையும் அரிக்கும். மரமுளைக்கு அக்கேடு இல்லை.

எங்கள் ஊரின் பெயரையே தாங்கிய மரமொன்று உண்டு. நாம் சாவண்டலை என்றும் சிங்களவர் ஹல்மில்ல என்றும் வழங்கும் மரத்தை ஆங்கிலேயர் ‘திருகோணமலை மரம்’ என்றே அழைத்தனர். உறுதியானது, வளைந்து கொடுப்பது. சென்னையிலே துறைமுகம் அமையுமுன், அப்பால் நங்கூரமிட்ட கப்பல்களுக்கும் கரைக்கும் இடையே ஆட்களையும் பொதிகளையும் கொண்டு சென்ற மசூலாப் படகுகளுக்கு இம்மரத்தையும் பயன்படுத்தினர். அப்படகுகளின் பலகைகள் ஆணியால் அறையப்படவில்லை, கயிற்றால் தைக்கப்பட்டன. அலை மோதுந்தோறும் தையல் சற்றே நெகிழ்ந்து கொடுக்கும், படகு உடையாது. விறைத்து நிற்பது மாத்திரமே வலிமையன்று என்னும் உண்மையை அலையோடு வாழ்ந்தோர் நன்கறிந்திருந்தனர்.

பொளி கழுந்து மூட்டிலும் அவ்வறிவே தொழிற்படுகின்றது. கழுந்தின் தடிப்பு மரத்தின் தடிப்பில் மூன்றிலொன்றாக இருத்தல் பொதுவிதி. அதனிற் பெருத்தால் பொளியின் சுவர் பலமிழக்கும், சிறுத்தால் கழுந்து முறியும். இரண்டையும் ஊடுருவித் துளையிட்டு முளை இறுக்குமிடத்து ஒரு நுட்பம் உண்டு. கழுந்திலுள்ள துளையை அதன் அடிப்பக்கமாக அரை நூலளவு தள்ளி இடுவர். முளை உட்செல்லும்போது, நேர்ப்படாத அத்துளைகளை நேர்ப்படுத்த முயன்று, கழுந்தை மேலும் உள்ளே இழுத்துக் கொள்ளும். பசை வேண்டியதில்லை. இன்னொரு வகையில், கழுந்து பொளியை ஊடுருவி மறுபுறம் நீண்டு நிற்கும். நீண்ட பகுதியிற் கண் வெட்டி ஆப்பு ஒன்றைச் செருகுவர். ஆப்பைத் தட்டினால் மூட்டு இறுகும். எதிர்ப்புறமிருந்து தட்டினால் கழன்றுவிடும்.

கழலும் மூட்டின் பெறுமதியை எங்கள் குடும்பம் 1990 ஆம் ஆண்டிலே அறிந்தது. பாட்டனார் அப்போது உயிரோடில்லை. ஊரைவிட்டு அகல வேண்டிய வேளையில், உழவு இயந்திரப் பெட்டியொன்றில் எங்களுக்குக் கிடைத்த இடம் மிகச் சிறிது. ஆணியும் பசையுமாகக் கடையில் வாங்கிய அலுமாரியை எவ்வழியாலும் சிறிதாக்க இயலவில்லை. அது வீட்டிலேயே நின்றது. பாட்டனார் சாவண்டலையிற் செய்த மேசையின் இரு ஆப்புகளையும் என் தந்தையார் மரச்சுத்தியலால் தட்டி எடுத்தார். மேசை மேற்பலகை, இரு கால்கள், குறுக்குச் சட்டம் எனப் பிரிந்து, பாய்ச்சுருளோடு அடங்கிற்று. கருவிப் பெட்டியும் உடன் வந்தது. கொட்டிலொன்றில் அம்மேசை மீண்டும் பூட்டப்பட்டது. என் தங்கை அதன்மேல் வைத்துப் படித்தே பரீட்சை எழுதினாள். அதன் பின்னரும் இருமுறை அது கழற்றப்பட்டது, இருமுறை பூட்டப்பட்டது. ஒவ்வொரு முறையும் தளர்ந்தது ஆப்பு மாத்திரமே. புதிய ஆப்புச் செதுக்கக் கால்மணி நேரம் போதுமாயிருந்தது.

2002 ஆம் ஆண்டு போர் நிறுத்தத்தின் பின்னர் திரும்பி வந்தபோது சுவர்கள் இருந்தன. கதவும் யன்னலும் நிலைகளோடு பெயர்த்தெடுக்கப்பட்டிருந்தன. மின்னிணைப்பு இல்லை, கூலிக்குத் தச்சர் அமர்த்தும் வசதியும் இல்லை. தந்தையாரும் நானும் முற்றத்தில் நின்று வாளும் சீவுளியும் உளியும் கொண்டே ஒரு நிலையையும் ஒரு கதவையும் செய்து முடித்தோம். பதினொரு நாள் ஆயிற்று. கதவில்லாத வீட்டில் என் தாயார் அதுவரை கண்ணயர்ந்து உறங்கியதில்லை. கதவை மாட்டிய இரவு அவர் விடியும்வரை உறங்கினார். கைக்கருவியின் பயன் யாதென என்னை வினவுவோர்க்கு இதனினும் தெளிவான விடை என்னிடம் இல்லை.

வீட்டில் இத்தொழிலைத் தொடங்க விரும்புவோர்க்குப் பெரும் பட்டறை வேண்டியதில்லை. பற்கள் நெருங்கிய வாள் ஒன்று, சீவுளி ஒன்று, கால், அரை, ஓர் அங்குல உளிகள் மூன்று, மூலைமட்டம், மரச்சுத்தியல், சாணைக்கல் ஆகியன போதும். பென்சிலினும் கூரிய கத்தியாற் கோடிடுதல் சிறந்தது. கத்திக் கோட்டிலே உளி தானாக அமரும். உளியின் சரிவை 25 பாகையளவில் தீட்டி, நுனியை மாத்திரம் 30 பாகையளவில் மெல்லத் தீட்டினால் கூர் நிலைக்கும். மழுங்கிய உளியே கையை வெட்டும். ஏனெனில் அதனைத் தள்ளுவதற்கு மிகுந்த விசை வேண்டும், மிகுந்த விசை வழுக்கும். வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் இரும்பைத் துடைத்து வைத்தல் கடற்கரையில் வாழ்வோர்க்குக் கட்டாயம்.

இயந்திரம் விரைவாகச் செய்வதைக் கையால் மெதுவாகச் செய்வானேன் எனச் சிலர் கேட்பர். நூறு கதவு செய்வோன் இயந்திரத்தை நாடுதலே முறை. ஒரு கதவு செய்வோன் அக்கதவு நிற்கும் இடத்தையும் காற்றையும் மரத்தின் இழையோட்டத்தையும் கருதிச் செய்யலாம்; அதற்குக் கை போதும். விடுதியிலிருந்து வாடகை அறைக்கும், அங்கிருந்து தொழில் வாய்க்கும் ஊருக்கும் பெயரும் மாணவர்க்குக் கழற்றிப் பூட்டும் மேசையொன்று எத்துணை உதவும் என்பதையும் எண்ணிப் பார்க்கலாம்.

இன்று எங்கள் கரையிற் காணும் படகுகளிற் பெரும்பாலானவை கண்ணாடியிழையாலானவை. மரக்கலஞ் செய்யும் ஓடாவிமார் அருகி வருகின்றனர். அவர்களோடு கருவிகளின் பெயரும், மூட்டுகளின் பெயரும், மரத்தைத் தட்டி ஓசையால் அதன் ஈரத்தை அறியும் காதும் மறைகின்றன. எழுத்தில் ஏறாத இச்சொற்களைத் திரட்டுதல் தமிழ்ச் சங்கங்கள் மேற்கொள்ளத்தக்க பணியாகும். அதற்குச் செல்லும் மாணவர் குறிப்பேட்டோடு, கூர் தீட்டிய உளியொன்றையும் கொண்டு செல்வாராக. வேலை தெரியாதவனிடம் தச்சர் சொல்லைச் சொல்வார். வேலையிற் கை வைப்பவனிடமே பொருளைச் சொல்வார்.