எழுதியதும் எழுதாததும்

யாம் இக்கலாசாலையில் விலங்கு நூல் பயின்று வெளிப்போந்தபின், சென்னையில் 'மெடிக்கல் கோடிங்' என வழங்கும் தொழிலில் அமர்ந்தோம். அமெரிக்க ஆஸ்பத்திரிகளினின்று வரும் வைத்தியக் குறிப்புக்களை வாசித்து, அந்நாட்டார் 2015-ம் ஆண்டு அக்டோபர் முதல் கையாளும் பத்தாந் திருத்த நோய்ப்பட்டியலின்படி, ஒவ்வொரு நோய்க்கும் உரிய குறியெண் இடுவதே எம் பணி. இதில் அரியது யாதென நண்பர் சிலர் வினவுவர். யாமும் ஒருகால் அவ்வாறே எண்ணினோம்.

நாட்பட்ட மூச்சுக்குழல் அடைப்பு நோய்க்கு ஜே 44 என்பது தலைப்பெண். அதன் பிரிவுகளுள் மூன்று எம் கையில் அடிக்கடி பயில்வன. கீழ்ச்சுவாச உறுப்புக்களில் புதிதாய்த் தொற்றுச் சேர்ந்திருப்பின் 44.0, நோய் திடீரெனப் பெருகியிருப்பின் 44.1, விவரம் ஏதும் கூறப்படாதவிடத்து 44.9. தொற்று வேறு, பெருக்கம் வேறு. தொற்றினாற் பெருக்கம் நேரலாமாயினும் ஒன்றைக் கண்டு மற்றொன்றை ஊகித்தல் ஆகாது. வைத்தியர் இரண்டையும் எழுதியிருப்பின் இரண்டெண்ணும் இடலாம்.

தொழிலில் புகுந்த முதலாண்டில், தொடையெலும்பு முறிந்து ஆஸ்பத்திரி சேர்ந்த முதியவர் ஒருவரின் குறிப்பு எம்மிடம் வந்தது. அதில் 'கடுமையான' அடைப்பு நோயும் உண்டென்றிருக்கக் கண்டு, யாம் தயங்காது 44.1 என்றிட்டோம். எம் வேலையைச் சரிபார்க்கும் அம்மையார் எம்மை அழைத்து, "தம்பி, கடுமை என்பது நோயின் நிலை; பெருக்கம் என்பது அந்நிலையினின்று நேர்ந்த மாறுதல். அவர் பல்லாண்டு இப்படியே இருந்தவராகலாம் அன்றோ?" என்றார்.

"மூச்சுத் திணறல் என்றும் எழுதியிருக்கிறதே, அக்கா," என்று யாம் வாதித்தோம்.

"ஐயமிருந்தால் வைத்தியரைக் கேள். அவர் எழுதாததை நீ எழுதாதே."

கேட்டனுப்பினோம். பழைய நிலையே, புதிய மாறுதல் இல்லை என்று விடை வந்தது. எண்ணை 44.9 என மாற்றினோம்.

யாம் முன்னிட்ட எண் நின்றிருப்பின், ஆஸ்பத்திரிக்குச் சேரும் தொகை முறையின்றி மிகுந்திருக்கக்கூடும். அதனினும் பெரிது ஒன்றுண்டு: அம்முதியவர் அடையாத இடரொன்று அவர் ஏட்டில் நிலைத்து, பின்வரும் வைத்தியரை மயக்கியிருக்கும். அவரை யாம் கண்டதில்லை, இனிக் காணப்போவதுமில்லை. எனினும் அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை.

இக்கலாசாலை ஆய்வுக்கூடத்தில், நுண்ணோக்கியிற் காணாத நரம்பொன்றைப் புத்தகத்தைப் பார்த்து வரைந்தோம். எம் ஆசிரியர் அதை அழித்துவிட்டு, "கண்டதை வரை" என்று மட்டுஞ் சொன்னார். அன்று அவர்மீது சினந்தோம். இளைய நண்பர்காள், அப்பாடத்தை யாம் பயின்று முடித்தது பல்லாண்டு கழித்து, காணாத ஒரு முதியவரின் ஏட்டிலேயாம்.