மேஸ்திரியின் சாப்பாடு

வேலையாட்களை மேய்க்க வந்த மேஸ்திரியே அண்டாச் சோற்றைக் காலி பண்ணினால்?

லினக்ஸில் நடந்த கதை ஸார் இது! எந்த புரோகிராம் எவ்வளவு மெமரி, பிராஸஸர் தின்கிறது என்று கலர் கலராக கிராஃப் போட்டுக் காட்ட 2020-ல் 'பாஷ்டாப்' வந்தது. அழகுதான். ஆனால் பாஷ் மொழி சுத்த நிதானம்; கண்காணிப்பவரே கணிசமாகத் தின்றார். அதே ஆண்டு பைத்தானில் 'பிபைடாப்'. 2021-ல் சி ப்ளஸ் ப்ளஸ்ஸில் 'பிடாப்'. வேகம் ஏறியது, தீனி குறைந்தது. மூன்றையும் எழுதியவர் ஒரே ஆசாமி!

மாசக் கடைசியில், சம்பளக் கணக்கு ஓடும் எங்கள் கிழட்டு சர்வர் மூச்சு வாங்கும்போது நான் திறப்பது பிடாப்தான். நோயாளியின் கஞ்சியில் பங்கு கேட்காத டாக்டராச்சே!

ஓடுகிற சாமானைத் தூக்கிப் போட்டு, முதலிலிருந்து எழுத ஒரு மனசு வேணும். நம்ம சூப்பர்வைசர்களுக்கு யாராவது சொல்லுங்களேன்.