வருடியும் வாங்கியவரும்

படச்சுருளை ஒளியால் வருடி, அதிலுள்ள உருவத்தைக் கணினிக்கு மாற்றும் பொறியை வீட்டுக்குக் கொண்டுவருபவர், பொறியை மட்டும் வாங்குவதில்லை. மறைந்த தாயின் முகமும் விற்றுப்போன வீட்டின் முற்றமும் பழைய பெட்டியிலிருந்து எழுந்துவரும் என்ற எதிர்பார்ப்பையும் சேர்த்தே வாங்குகிறார். அவர் அடையும் நிறைவும் ஏமாற்றமும் அவ்வெதிர்பார்ப்பையே பெரிதும் சார்ந்தவை.

விற்பனையாளர் முதலில் முன்வைப்பது ஓர் எண்ணை. அங்குலத்துக்கு 4000 புள்ளிகள் என்ற அளவில், 36 மில்லிமீற்றர் நீளமும் 24 மில்லிமீற்றர் அகலமும் கொண்ட படமொன்றை வருடினால் ஏறத்தாழ 2 கோடியே 14 இலட்சம் புள்ளிகள் கிடைக்கும். ஆயினும் எண் வேறு, நுணுக்கம் வேறு. வருடியின் வில்லை கூர்மையற்றதாயின், அல்லது சுருள் வளைந்து குவியத்தினின்றும் விலகுமாயின், புள்ளிகள் பெருகுமேயன்றி விவரம் பெருகாது. நடுங்கிய கையால் எடுத்த படத்தில் அந்நடுக்கத்தையே சிறந்த வருடி மேலும் தெளிவாகக் காட்டும்.

தூசும் கீறலும் நீக்கும் வசதிக்கும் எல்லையுண்டு. வண்ணச் சுருளின் சாயங்கள் செங்கீழ்க் கதிரைப் பெரும்பாலும் தடையின்றிச் செல்லவிடுகின்றன. தூசும் கீறலும் அதனைத் தடுக்கின்றன. இவ்வேறுபாட்டைக் கொண்டே பொறி பழுதை இனங்கண்டு மறைக்கின்றது. மரபான கறுப்பு வெள்ளைச் சுருளிலோ உருவமே வெள்ளியால் ஆனது. வெள்ளியும் அக்கதிரைத் தடுப்பதால், உருவம் எது, பழுது எது எனப் பொறி அறியாது. எனவே, மிகப் பழைய முகங்களுக்கே இவ்வசதி உதவாது போகின்றது.

எனினும் நிறைவு கண்டோரும் உளர். நிக்கொன் நிறுவனம் கூல்ஸ்கான் வருடிகளின் உற்பத்தியை நிறுத்திப் பல்லாண்டுகள் கழிந்தும் அவற்றைத் தேடி வாங்குவோர் இருக்கின்றனர். பொறியின் விலையோடு உழைப்பின் விலையையும் கணக்கிட்டவர்கள் இவர்கள். ஒரு படத்துக்கு 5 நிமிடம் எனக் கொண்டாலும், 36 படங்கள் கொண்ட சுருளொன்றுக்கு 3 மணிநேரம் வேண்டும். ஆதலால் அனைத்தையும் வருட முனையாது, வேண்டியவற்றைத் தெரிந்தெடுக்கின்றனர்.

பொறிகளும் நிலையானவையல்ல. கொனிக்கா மினோல்ட்டா நிறுவனம் 2006 ஆம் ஆண்டில் ஒளிப்படத் தொழிலிலிருந்து விலகுவதாக அறிவித்தது. அதன் வருடி பழுதுற்றால் உதிரிப்பாகம் தேடுவது இன்று எளிதன்று. வருடி தருவது பிரதியே; மூலம் சுருளே என்பது மனங்கொள்ளத்தக்கது. வேலை முடிந்ததென்று சுருளை வீசிவிடுபவர், நாளை இதனினும் சிறந்த பொறி வரும்போது அதில் இடுவதற்கு ஒன்றுமின்றி நிற்பார்.