விடுபட்டதும் வெறுமையும்

ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் வாழும் தமிழர் பலர்க்குக் குடும்பப் பெயர் என ஒன்று இல்லை. தம் பெயரும் தந்தையார் பெயருமே உண்டு. தோட்டத்து லயத்தில் பிறந்த பாட்டனார் முதல் இன்றைய பெயர்த்தி வரை இதுவே வழக்கு. கைப்பேசிச் செயலி ‘குடும்பப் பெயர்’ கேட்டு நிற்கும்போது அவர்கள் எதனை இடுவர்? சிலர் ஒரு புள்ளியை இட்டு நகர்கின்றனர்.

செயலிக்குத் தரவு பெரும்பாலும் ஜேசான் என்னும் வடிவில் வந்து சேரும். அதில் ஒரு புலம் வாராமலே போகலாம். வந்தும் ‘நல்’ எனும் இன்மைக்குறியைத் தாங்கலாம். எழுத்தேதும் இல்லாத வெற்றுச் சரமாகவும் இருக்கலாம். மூன்றையும் ஒன்றெனக் கொள்வோர் உளர். அது பிழை. பதிவுகளைத் திருத்துவதற்கென 2014ஆம் ஆண்டு வெளியான ஜேசான் விதியொன்றில், புலம் வாராவிடின் பழைய மதிப்பு நிலைக்கும். ‘நல்’ வரின் நீங்கும். மாற்றாத புலங்களுக்கெல்லாம் ‘நல்’ இட்டனுப்பும் செயலி, தொலைபேசி எண்ணை மட்டும் திருத்த வந்த மாணவனின் பதிவிலிருந்து தந்தை பெயரையே துடைத்துவிடும்!

மலேசிய அடையாள அட்டை இவ்வகையில் தேர்ந்தது. எண்ணின் நடுவே நிற்கும் ஈரிலக்கம் பிறந்த இடத்தைக் காட்டும், பேராக்கிற்கு 08. பிறந்த மாநிலம் தெரியாதவர்க்கோ 82. தெரியாமைக்கும் தனிக்குறி உண்டு என்பதால், எழுத மறந்தனரோ என்னும் ஐயம் எழாது.

நிரல்மொழிகளில் இன்மைச்சுட்டை 1965இல் புகுத்திய டோனி ஹோர், அதனை நூறு கோடி டாலர் பிழையென 2009இல் தாமே நொந்துகொண்டார். ஸ்விஃப்ட், கோட்லின் ஆகிய பிற்கால மொழிகள் இன்மைக்கு இடமுள்ள வகையை வினாக்குறி இட்டுப் பிரிக்கின்றன. குடும்பப் பெயர்ப் புலத்திற்கும் அவ்வினாக்குறி வேண்டும். செயலி நின்றுவிடுமோ என்றஞ்சித் தந்தை பெயரை அங்கே இட்டு நிரப்பினால், மகளை அது தந்தை பெயராலேயே விளித்து வரவேற்கும்.