எபிரேயத்தில் ஒலித்த ஆயர் பாடல்

ஞாயிறு திருப்பலியில் முதல் வாசகம் முடிந்ததும் நாம் பாடுவது பதிலுரைப் பாடல். அது இறைவார்த்தைக்கு இறைமக்கள் அளிக்கும் மறுமொழி. நமக்கு முன்பே அதைப் பாடியவர்கள் இசுரயேல் மக்கள். அன்னை மரியாவும் இயேசுவும் அம்மக்களுள் பிறந்தவர்களே. இவ்வுண்மையை நெஞ்சில் பதிய வைக்கும் இசைப்படைப்பு ஒன்று உண்டு.

அமெரிக்க யூத இசையமைப்பாளர் லெனார்டு பெர்ன்ஸ்டைன் 1965-இல் இயற்றிய ‘சிசெஸ்டர் திருப்பாடல்கள்’ என்பதே அது. இங்கிலாந்திலுள்ள சிசெஸ்டர் ஆங்கிலிக்கன் பேராலயத்தின் முதல்வர் வால்டர் ஹஸ்ஸியின் வேண்டுகோளால் பிறந்தது. கிறித்தவப் பேராலயத்திற்கென எழுதியபோதும் பெர்ன்ஸ்டைன் மொழிபெயர்ப்பை நாடவில்லை. மூல எபிரேயத்திற்கே இசையமைத்தார். அவ்வாண்டு சூலை 31 அன்று அப்பேராலயத்தில் அது பாடப்பெற்றது.

மூன்று பகுதிகள், ஏறத்தாழ 20 நிமிடங்கள். நடுப்பகுதியில், யாழ் துணைவர, ஒரு சிறுவன் ஆயரைப் போற்றும் 23ஆம் திருப்பாடலைப் பாடுகிறான். திடீரென ஆண்குரல்கள் குறுக்கிட்டு, நாடுகளின் கொந்தளிப்பைக் கூறும் 2ஆம் திருப்பாடலை முழக்குகின்றன. ஆயினும் ஆயர் பாடல் மடிந்துவிடுவதில்லை. ஆரவாரத்திற்கு மேலாக மீண்டும் எழுகிறது. இறுதியில் அமைதி திரும்பும்போதும் அக்கொந்தளிப்பின் ஓசை அடியில் கேட்கிறது. மலிவான ஆறுதல் எதையும் இவ்விசை நமக்குத் தருவதில்லை.

அக்கொந்தளிப்பு வெறும் கற்பனையன்று. 1938 நவம்பரில் செருமனியில் யூதர்களின் தொழுகைக்கூடங்கள் எரிக்கப்பட்டன. அடுத்த மாதமே நம் தாம்பரத்தில், கிறித்தவக் கல்லூரி வளாகத்தில், அனைத்துலக மறைபரப்பு மன்றம் கூடி, நற்செய்திக்கும் பிற சமயங்களுக்கும் உள்ள உறவை ஆராய்ந்தது. அதன்பின் சில ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 60 இலட்சம் யூதர்கள் கொல்லப்பட்டனர். சிசெஸ்டரில் இவ்விசை ஒலித்த அதே 1965-இல், அக்டோபர் 28 அன்று, இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவாக அறிவித்தது: இயேசுவின் பாடுகளுக்காக அன்றைய யூதர் அனைவர்மீதும் வேறுபாடின்றிப் பழி சுமத்தலாகாது, இன்றைய யூதர்மீதும் சுமத்தலாகாது.

புனித வெள்ளியன்று பாடுகளின் வரலாற்றைக் கேட்கும் நம் பிள்ளைகள் ‘யூதர்’ என்னும் சொல்லை எவ்வாறு புரிந்துகொள்கின்றனர்? ஓர் இனத்தையே குற்றவாளியாக்கப் பழகிய மனம் யூதரோடு நின்றுவிடுமா? தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் எனப் பல மாவட்டத்தாரும் வடமாநிலத் தொழிலாளரும் அருகருகே குடியேறியுள்ள நம் பகுதிகளில், அடுத்த வீட்டாரையும் அது அவ்வாறே பார்க்கத் தொடங்கும். ஆகவே குருத்து ஞாயிறுக்கு முன்பே, மறைக்கல்வி வகுப்பிலும் இல்லத்திலும் இதை அவர்களுக்கு விளக்குவது நம் கடமை.

பெர்ன்ஸ்டைனின் படைப்பு, சகோதரர் ஒன்றாய் வாழ்வதன் இனிமையைக் கூறும் 133ஆம் திருப்பாடலின் முதல் வசனத்தோடு, மிக மென்மையாக முடிவடைகிறது. வரும் ஞாயிறு பதிலுரைப் பாடலைப் பாடும்போது, அதை முதலில் பாடிய மக்களையும் நன்றியோடு நினைவுகூர்வோம்.