கடன்பட்டவர்கள்

மிஷனரிமார் எதற்காக வந்தார்கள் என்று கேட்டால் இரண்டு விடை தயாராக இருக்கும். சபைக்குள் இருப்பவர் “ஆத்தும ஆதாயம்” என்பார். வெளியில் இருப்பவர் “மதம் மாற்ற” என்பார். பேச்சு வேறானாலும் இரண்டும் தலைக்கணக்குதான். வெகுகாலம் சபையில் இருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: தலைக்கணக்குக்காக மட்டும் வருபவர் ஓர் ஊரில் நெடுநாள் தாக்குப்பிடிக்க மாட்டார்.

அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீனை எடுத்துக்கொள்ளுங்கள். 1847-இல் யாழ்ப்பாணம் வந்தவர், மானிப்பாயில் இருந்து வைத்தியம் பார்த்தார். கிறிஸ்துவை அறிவிக்க வந்தேன் என்பதை அவர் ஒருநாளும் மறைத்ததில்லை. ஆனால் அவர் செய்த வேலையைப் பாருங்கள்.

முதலில் ஆங்கிலத்தில்தான் மருத்துவம் கற்பித்தார். அப்படிப் படித்தவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடி வெளியே போகத் தொடங்கினார்கள். கிராமத்து நோயாளி பழையபடியே கிடந்தான். எனவே 1864 முதல் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். அதற்குப் பாடநூல் வேண்டுமே! மாணவர்களையும் தமிழறிந்தவர்களையும் கூட வைத்துக்கொண்டு உடற்கூறு, பிரசவம், அறுவை வைத்தியம் என்று தடித்த ஆங்கில நூல்களைத் தமிழுக்குக் கொண்டுவர உட்கார்ந்தார். எலும்பு ஒவ்வொன்றுக்கும், நாளம் ஒவ்வொன்றுக்கும் தமிழில் பெயர் தேட வேண்டியிருந்தது. மாணவர்கள் மேல்நாட்டு உடுப்புக்கு மாறுவதை அவர் விரும்பவில்லை. வேட்டி சால்வையோடு இருக்கச் சொன்னார். தமிழர் தமிழராகவே இருந்து கிறிஸ்துவை அறியட்டும் என்பது அவர் எண்ணம்.

1873-இல் அமெரிக்காவுக்குத் திரும்பிய பிறகும் அந்த வேலையை அவர் விடவில்லை. வேதியியல் நூலான ‘கெமிஸ்தம்’ 1875-இல்தான் வெளிவந்தது. ஆள் சேர்ப்பதே குறி என்றால் இத்தனை பாடு எதற்கு? மானிப்பாயைச் சுற்றியிருந்தவர்களில் பெரும்பாலோர் சைவர்களாகவே இருந்தார்கள். வைத்தியம் நிற்கவில்லை.

இந்த மனப்பான்மையின் வேர் பவுலின் நிருபங்களில் இருக்கிறது. ரோமருக்கு எழுதும்போது அவர் தம்மைக் கடனாளி என்கிறார். கிரேக்கருக்கும் மற்றவர்களுக்கும், படித்தவருக்கும் படியாதவருக்கும் தாம் கடன்பட்டிருப்பதாகச் சொல்கிறார். அது அவர்களிடம் வாங்கிய பணக்கடன் அல்ல. தகுதி பாராமல் கிறிஸ்து தமக்குச் செய்ததை எண்ணி, அந்தக் கடனை மனிதரிடம் தீர்க்கப் பார்க்கிறார். உலகமெங்கும் போங்கள் என்ற இயேசுவின் கட்டளை ஒருவரைக் கப்பல் ஏற்றிவிடும். காய்ச்சலும் தனிமையும் வரும்போது அவரை அங்கே இருத்தி வைப்பது இந்த நன்றிக்கடன்தான்.

கடன் கொடுத்தவனுக்கும் கடன்பட்டவனுக்கும் நடை வேறு. கொடுத்தவன் வாசலில் நின்று வட்டி கேட்பான். பள்ளியில் இடம் கொடுத்தோமே, மருந்து கொடுத்தோமே, ஞாயிற்றுக்கிழமை ஏன் ஆலயத்துக்கு வரவில்லை என்பான். மிஷன் வரலாற்றில் இப்படிக் கேட்டவர்களும் உண்டு, மறைப்பதற்கில்லை. உதவிக்காக மதம் மாறியவர்களைக் குறிக்கும் “அரிசிக் கிறிஸ்தவர்” என்ற ஏளனம் அந்த வழியில்தான் பிறந்தது. அந்தப் பழி உதவி பெற்றவனுக்கு மட்டுமா? கொடுத்தவனுக்கும் அதில் பாதி உண்டு. கடன்பட்டவனோ தலைகுனிந்து வருவான். ஏற்றுக்கொண்டால் மகிழ்வான், ஏற்காவிட்டாலும் கோபிக்க அவனுக்கு உரிமையில்லை.

கிறீன் 1884-இல் தம் ஊரான வூஸ்டரில் காலமானார். தாம் தமிழருக்கு மருத்துவ ஊழியராய் இருந்தவர் என்பதைக் கல்லறையில் பொறிக்கும்படி அவரே கேட்டுக்கொண்டார். எத்தனை பேருக்கு ஞானஸ்நானம் கிடைத்தது என்ற கணக்கை அவர் அங்கே எழுதச் சொல்லவில்லை.

ஊழியத்துக்குப் புறப்படும் பிள்ளைகளே, உங்களை நீங்களே ஒன்று கேட்டுப் பாருங்கள். நீங்கள் உதவிய வீட்டார் கடைசிவரை உங்கள் சபைப் பக்கம் வராமலே போகலாம். அப்படியும் அந்த வீட்டில் நோய் என்று கேள்விப்பட்டால் மறுபடி போவீர்களா? போவேன் என்று மனம் சொன்னால் தைரியமாகப் புறப்படுங்கள். தயங்கினால் அவசரப்படாதீர்கள், நீங்கள் பெற்றது என்ன என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள். பெற்றதை அறியாதவர் கொடுக்கப் போனால் கணக்குத்தான் எழுதுவார்.