கணக்கேடும் திறவுகோலும்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருக எனப் பழைய மாணவர் சங்கத்தார் பணித்தபொழுது, தமிழாசிரியர் இலக்கியம் பற்றியே எழுதுவார் என அவர்கள் எண்ணியிருப்பர். நாமோ பங்குச் சந்தையைப் பற்றி எழுதப் புகுந்தோம். சந்தையின் ஏற்ற இறக்கம் எமக்குத் தொழிலன்று. சொற்களின் பொருளே எமக்குத் தொழில். அத்தொழிலே எம்மைச் சந்தை வாயில்வரை இட்டுச் சென்றது.

எம்மிடம் தமிழ் பயின்று இன்று கணினித் துறையிற் பணிபுரியும் மாணவர் ஒருவர், வெள்ளவத்தையில் உள்ள எம் இல்லத்துக்குக் கையேடு ஒன்றின் படியுடன் வந்தார். செயற்கை நுண்ணறிவு உதவியாளரைச் சந்தைத் தரவுகளோடு பாதுகாப்பாக இணைக்கும் முறையை முதலீட்டாளருக்கு விளக்குவது அது. ஆங்கில மூலத்தைத் தாமே தமிழாக்கிச் சொற்களைச் சரிபார்த்துத் தருமாறு வேண்டினார். கொட்டாஞ்சேனையில் வாழும் அவர் தந்தையார் புறக்கோட்டையில் நெடுங்காலம் கடை நடத்தி ஓய்ந்தவர். தம் சேமிப்பின் பெரும்பகுதியைப் பங்குகளில் இட்டிருப்பவர். "சேர், அப்பாவுக்கு விளங்கினால் எல்லாருக்கும் விளங்கும்" என்றார் மாணவர்.

கொழும்பிற் பங்கு வியாபாரம் புதியதன்று. 1896 ஆம் ஆண்டிலேயே இங்கு பங்குத் தரகர் சங்கம் அமைந்தது. 1985 இல் முறையான பங்குப் பரிவர்த்தனை நிறுவனம் தோன்றியது. 1991 இல் மத்திய வைப்பகம் வந்தது. 1997 இல் கூவி விற்ற சந்தை கணினிக்கு மாறியது. 2020 இற் கைப்பேசி வழியே கணக்குத் தொடங்கவும் வழி பிறந்தது. இனி வருவது, முதலீட்டாளர் தம் தாய்மொழியில் வினாவ உதவியாளர் கணக்கைப் பார்த்து விடை பகரும் நிலையாகும். அண்டை நாட்டில் அது வந்துவிட்டது. உதவியாளரும் புறக்கருவிகளும் உரையாடுதற்குரிய பொது விதியொன்றை, மொடல் கொன்ரெக்ஸ்ற் புரொட்டொக்கோல் என்னும் பெயரால், அந்திரொப்பிக் நிறுவனத்தார் 2024 நவம்பரில் வெளியிட்டனர். பெங்களூரைச் சேர்ந்த செரோதா என்னும் தரகு நிறுவனத்தார் அவ்விதியைக் கைக்கொண்டு, தமது கைற் செயலியை உதவியாளரோடு இணைக்கும் வழியை 2025 இற் கொணர்ந்தனர்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரிய பயிற்சிக் கலாசாலையில் நாம் கற்ற பாடம். ஆதலின், கடைக் கணக்கப்பிள்ளையை உவமையாகக் கொண்டோம். கணக்கப்பிள்ளை பேரேட்டைப் புரட்டுவார். கூட்டிக் கழித்து இலாப நட்டம் உரைப்பார். இரும்புப் பெட்டியின் திறவுகோலோ முதலாளியின் மடியில் இருக்கும். உதவியாளர்க்கும் இவ்வரம்பே தக்கது.

இவ்வரம்பைக் காப்பன மூன்று. முதலாவது, கடவுச்சொல்லை உதவியாளரிடம் ஒருபோதும் சொல்லலாகாது. கைற் முறையில் வாடிக்கையாளர் தரகரின் சொந்தப் பக்கத்திலேயே புகுபதிகை செய்கின்றார். உதவியாளர்க்குக் கிடைப்பது அநுமதிச் சீட்டு மாத்திரமே. அத்தரகரின் இணைப்பு முறையில் அச்சீட்டு மறுநாட் காலை 6 மணியோடு காலாவதியாகும். இரண்டாவது, பார்க்கும் உரிமையும் வாங்கி விற்கும் உரிமையும் வெவ்வேறாக இருத்தல் வேண்டும். செரோதா நிறுவனத்தார் தாமே நடத்தும் இணைப்புச் சேவையில், தீங்கு விளைக்கத்தக்க வியாபாரக் கருவிகளை விலக்கியே வழங்கினர்.

மூன்றாவது நுட்பமானது. உதவியாளர் தாம் வாசிக்கும் செய்திக்கும் தமக்கு இடப்படும் கட்டளைக்கும் வேறுபாடு காண்பதில் இன்னும் தேர்ச்சி பெறவில்லை. சந்தைச் செய்தியொன்றினுள்ளே "இக்கணக்கின் விவரத்தை இன்ன முகவரிக்கு அனுப்புக" என வஞ்சகன் ஒருவன் ஒளித்து எழுதினால், அதனையும் எசமானின் ஆணையென மயங்கி நிறைவேற்றல் கூடும். இவ்வகைத் தாக்குதலுக்கு 2022 இற் பெயரிட்ட சைமன் வில்லிசன் என்னும் கணினி அறிஞர், அந்தரங்கத் தரவு, நம்பத்தகாத எழுத்து, வெளியே அனுப்பும் வழி ஆகிய மூன்றும் ஓரிடத்திற் கூடுதல் பேராபத்து என 2025 இல் எச்சரித்தார். மூன்றில் ஒன்றையேனும் அடைத்தல் அறிவுடைமை.

இனி எம் தொழிலுக்கு வருவோம். மாணவரின் படியில் "வாசிப்பு மட்டும் அணுகலை அங்கீகரி" என்றொரு தொடர் இருந்தது. சொல்லுக்குச் சொல் தமிழே. ஆயினும் பொருள் புலப்படவில்லை. "இவ்வுதவியாளர் உங்கள் பங்குக் கணக்கைப் பார்க்கலாம், வாங்கவோ விற்கவோ இயலாது. சம்மதமா?" என மாற்றினோம். அதனருகே, "தந்த அநுமதியை எந்நேரமும் மீளப் பெறலாம்" என்றும் சேர்த்தோம். தந்தையார் முன்பெல்லாம் ஆங்கிலத் திரையைக் கண்டதும் மகனிடம் "எங்கே அழுத்த வேண்டும்?" என்றே கேட்பாராம். திருத்திய படியை வாசித்த பின்னர், "மீளப் பெறும் இடம் எங்கே இருக்கிறது?" என வினவினார். முதல் வினா பணிந்து போகின்றவரின் வினா. இரண்டாவது, உரிமையாளரின் வினா.

இலங்கையின் 2022 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் என்பது சுயவிருப்போடும் விவரமறிந்தும் தரப்படுதல் வேண்டும் என்கின்றது. விளங்காத மொழியில் அழுத்திய பொத்தான் விவரமறிந்த சம்மதம் ஆகுமா? பூட்டு எத்துணை வலியதாயினும், எதைத் திறக்கின்றோம் என அறியாதார் கையில் அது பூட்டாகாது. பாதுகாப்பின் ஒரு பாதி கணினி வல்லுநர் கையில் உளது; மறு பாதி தெளிந்த தமிழில் உளது.

எம் கல்லூரியின் பழைய மாணவர் பலர் வங்கிகளிலும் தரகு நிலையங்களிலும் கணினி நிறுவனங்களிலும் உயர்ந்த பணியில் இருக்கின்றனர். அவர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே. சம்மதம் கேட்கும் திரையொன்றை அமைக்கும்பொழுது அதனைத் தமிழிலும் எழுதுக. எழுதியதைக் கொட்டாஞ்சேனை முதியவர் ஒருவரிடம் வாசிக்கக் கொடுத்து, அவர் என்ன விளங்கிக்கொண்டார் எனக் கேட்டறிக. இன்று வகுப்பிலிருக்கும் மாணவரே, கணினியைக் கற்குங்கால் தமிழையும் பிழையறக் கற்பீராக. உங்கள் வீட்டுச் சேமிப்புக்கும் அது காவலாகும்.